மணல் முதல் திறன்பலகை வரை: யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளின் கைக்கு வந்த கருவிகள்

பாடசாலையின் வரலாற்றை எழுதுவோர் அதிபர்களின் பெயர் வரிசையிலும் கட்டடங்களின் திறப்பு விழாத் திகதிகளிலும் தொடங்குவது வழக்கம். இம்மலரிலும் அவை உரிய பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. நாம் எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. எமது பிள்ளைகள் எதைக் கையில் வைத்துக்கொண்டு படித்தார்கள் என்பதே அது. மணல், சிலேற், ஊசி, அளவி, மெழுகுத்தாள், ஜாம் போத்தல் விளக்கு, கைத்தொலைபேசி, இப்போது சுவரில் ஏறியிருக்கும் திறன்பலகை.

இதை எழுத ஒரு காரணமும் உண்டு. சங்கத்தின் நூறாவது ஆண்டுக்குக் கல்லூரிக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு ஓராண்டாக நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் மட்டுமன்றிக் கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் என்று எம்மவர் கூடும் இடமெல்லாம் இதே கதைதான். வகுப்புக்கொரு திறன்பலகை என்கிறார்கள் ஒரு சாரார். முதலில் ஆய்வுகூடத்தைத் திருத்துவோம் என்கிறார்கள் மற்றச் சாரார். வட்ஸ்அப் குழுவில் சில இரவுகள் இது கொஞ்சம் சூடாகவும் போயிருக்கிறது. வந்துபோன கருவிகளின் கதையை ஒருமுறை கோத்துப் பார்த்தால் பேச்சுக்கு உதவும் என்று மலர்க்குழுவில் இருக்கும் எமக்குத் தோன்றியது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தொடங்குவோம். அங்கே பிள்ளை மணலைப் பரப்பி விரலால் எழுத்தைப் போடும். வாயால் உரக்கச் சொல்லும். பிழைத்தால் கையால் அழித்துவிட்டு மறுபடி போடும். வாத்தியார் ஒருவர்தான். ஆனால் சட்டாம்பிள்ளை இருப்பான், அவனுக்குக் கீழே அவன் சொல்லிக்கொடுக்கும் சின்னவர்கள் இருப்பார்கள். செலவில்லாத இந்த ஏற்பாட்டை எம்மவர் பெரிதாக எண்ணியதில்லை. எண்ணியவர் அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய அவர், அயலில் இருந்த தமிழ்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அதைத் தமது பள்ளியிலும் செய்யும்படி சொன்னபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். வகுப்பு நன்றாக நடந்தது. 1797 இல் லண்டனில் இதைச் சிறு நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தின் பாடசாலைகளுக்குப் பரவியது.

பரவியதன் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். மலிவு என்பதே அங்கு முதற் கவர்ச்சியாயிற்று. ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசை வரிசையாக அமர்த்தப்பட்டார்கள். சின்னவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பெரியவனுக்கும் விளங்குகிறது என்ற நுட்பம் மெல்லத் தேய்ந்து, மணியடித்து ஒப்பிக்கும் இயந்திரம் மட்டும் மிஞ்சியது. பின்னால் வந்த ஒவ்வொரு கருவியிலும் இதே சரிவை நாம் காணப்போகிறோம் என்பதால் இதனைச் சற்று விரித்துச் சொன்னோம்.

திண்ணையில் பெண்பிள்ளைகள் இருந்தது அரிது. 1816 இல் அமெரிக்க மிசன் தெல்லிப்பழையில் இறங்கியது. 1823 இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரி தொடங்கியது. மறுவருடம், 1824 இல், உடுவிலில் ஹரியட் வின்சிலோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். செமினரியில் வானியலும் இயற்கை விஞ்ஞானமும் படிப்பித்தார்கள், தொலைநோக்கியும் இருந்தது. 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்தையிட்டு, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்புக்கும் செமினரி அதிபர் டானியல் புவரின் கணிப்புக்கும் வேறுபாடு எழுந்தது. அன்றிரவு கிரகணம் புவரின் கணக்கோடு பொருந்தியது. மிசன் அதைத் தன் வெற்றியாகவே எழுதி வைத்தது. எமக்கு அதில் பிடித்த இடம் வேறு. சரி பிழையை நூலும் குருவும் தீர்க்கவில்லை, வெளியே வந்து வானத்தைப் பார்த்தவர்கள் தீர்த்துக்கொண்டார்கள்.

தொலைநோக்கி வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகளுக்கு. உடுவிலில் பெண்பிள்ளைகளின் கைக்கு வந்த கருவி ஊசி. இந்த வேறுபாட்டைப் பெண்கல்வி பற்றி எழுதுவோர் குறையாகச் சொல்வார்கள். குறைதான். ஆனால் நூறு வருடமாகத் தையல் வகுப்பு நடந்த விதத்தை நினைத்துப் பார்த்தால் எமக்கு ஒரு சிரிப்பும் வருகிறது. ரீச்சர் ஒரு தையலைக் காட்டுவார், ஒவ்வொரு பிள்ளையும் தன் துணியில் போடும், கோணலானால் பிரித்துவிட்டு மறுபடி போடும், முடிந்த துண்டைக் கொப்பியில் ஒட்டும். பேசாமல் கேட்டு எழுதிக்கொண்டு தையல் படித்த பிள்ளை எங்கும் இல்லை. இன்று கல்வியியலாளர் செயலூக்கக் கற்றல் என்று பெரிய பெயர் வைத்துச் சொல்வதைத் தையல் ரீச்சர்மாரும் மனையியல் ரீச்சர்மாரும் பெயர் வையாமலே செய்து வந்திருக்கிறார்கள். விஞ்ஞான வகுப்பு அதை எட்டிப்பிடிக்க வெகுகாலம் சென்றது.

இங்கே மொழியையும் ஒரு கருவியாகவே சேர்க்க வேண்டும். மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். 1864 முதல் தமிழுக்கு மாறினார். உடற்கூற்றியல், இரசாயனவியல் நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தன. அது அங்கேயே நின்றுவிட்டது. பெண் பாடசாலைகளின் மேல்வகுப்புகளுக்கு விஞ்ஞானம் தமிழில் வர மேலும் எண்பது தொண்ணூறு வருடங்கள் ஆயின. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், ஆரம்ப வகுப்புகளிலிருந்து படிப்படியாக மேலேறிய தாய்மொழிக் கல்வியும் சேர்ந்தே அதனைச் செய்தன. எம்மில் மூத்தவர்கள் இரண்டு காலத்தையும் கண்டவர்கள். ஆங்கில மூலத்தில் விஞ்ஞானம் படித்த வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை, கேட்கும் வசனம் பிழைத்துவிடும் என்ற பயம் என்று அவர்கள் சொல்வார்கள். தமிழில் வந்த பிறகு, “ஏன் ரீச்சர் அப்பிடி?” என்ற குரல் பின்வாங்கிலிருந்தும் எழுந்ததாம். அளவி, குழாயி, முகவை, நுணுக்குக்காட்டி என்று அக்காலத்தில் ஆக்கப்பட்ட சொற்களைத் தமிழகத்து நண்பர்கள் கேட்டால் விழிப்பார்கள், எமக்கோ அவை வீட்டுச் சாமான்களின் பெயர் மாதிரி. ஆங்கிலம் கை நழுவிப் போனதற்கு நாம் பிற்காலத்தில் கொடுத்த விலை தனிக்கதை. அதை இங்கே எடுக்கவில்லை.

ஆய்வுகூடத்துக்கு வருவோம். 1950களிலும் அதன் பின்னரும் பெண் பாடசாலைகள் பலவற்றில் உயர்வகுப்பு விஞ்ஞானம் இல்லை. வைத்தியராக விரும்பிய பிள்ளை ஆண்கள் கல்லூரியின் வாசற்படி ஏற வேண்டியிருந்தது. எமது கல்லூரியில் ஆய்வுகூடம் வந்தபோது ஊரே வந்து பார்த்ததாகப் பாட்டிமார் சொல்வார்கள். கீழ்வகுப்புகளுக்கு அது பார்க்கும் இடம்தான். ரீச்சர் முன்மேசையில் செய்து காட்டுவார், நாற்பது பேர் ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்ப்போம், முன்னால் நின்றவர்களுக்கு மட்டும் நிறம் மாறியது தெரியும். மேல்வகுப்பில் நிலைமை வேறு. பல்கலைக்கழகப் புகுமுகத்துக்குச் செய்முறைப் பரீட்சை இருந்த காலம் அது. அளவியைத் தானே நிரப்பி, குடுவைக்குள் பினோத்தலீன் இரண்டு துளி விட்டு, காரத்தைத் துளித்துளியாக இறக்கி, நிறமற்ற திரவம் இளஞ்சிவப்பாகும் அந்தத் துளியில் நிறுத்தப் பழக வேண்டும். ஒரு துளி கூடினாலும் கடும் சிவப்பு. முழுவதையும் ஊற்றிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். மூன்று வாசிப்புகள் ஒத்துவரும்வரை வீட்டுக்குப் போக முடியாது.

பின்னர் அந்தச் செய்முறைப் பரீட்சை எடுக்கப்பட்டது. இன்று உயர்தரத்தில் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் எழுத்துப் பரீட்சைதான். பரிசோதனை பற்றிய கேள்விகள் அமைப்புக் கட்டுரை வினாவாக வரும். அளவியின் வாசிப்பைக் கண் எந்த மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். அளவியைத் தொடாத பிள்ளையும் சரியான விடையை எழுதிப் புள்ளி பெறலாம். நூறு வருடக் கதையில் எமது பிள்ளைகளின் கைகளை ஆய்வுகூடத்திலிருந்து எடுத்தது யுத்தத்தை விட இதுதான் என்பது எமது கருத்து. யுத்தம் முடிந்தது. இது முடியவில்லை.

அதே காலத்தில் வந்தது 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம். ஒருங்கிணைந்த விஞ்ஞானம், சமூகக் கல்வி, தொழில்முன்னிலைப் பாடம் என்று புதிய பாடங்கள். ஊரில் உள்ள தொழிலைப் பிள்ளை போய்ப் பார்த்து, செய்து, கணக்கெழுதி வர வேண்டும் என்பது திட்டம். பனையோலையும் மீன்பிடியும் பாடசாலைக்குள் வந்தன. நோக்கம் நல்லது. பெற்றாரோ அதை வேறு விதமாகவே பார்த்தார்கள். ஊர்ப் பிள்ளையை ஊரிலேயே வைத்திருக்கச் செய்த உபாயம் என்றார்கள். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்த வேளையில் அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆட்சி மாறியதும் தொழில்முன்னிலைப் பாடமும் போயிற்று. அந்த வெற்றிடத்தில் வளர்ந்தவை ரியூற்றரிகள். கிடுகுக் கொட்டகையில் இருநூறு முந்நூறு பேர், ஒலிபெருக்கியில் ஆசிரியர், மடியில் கொப்பி. பிள்ளைகள் வேகமாக எழுதப் பழகினார்கள்.

கருவிகளிடையே எமக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அலுவலகத்தில் இருந்த ரோனியோ இயந்திரம். மெழுகுத்தாளில் இரும்பு எழுதுகோலால் கீறி, பிழைத்த இடத்தில் சிவப்புத் திருத்தத் திரவம் பூசி, உருளையில் மாட்டிக் கைபிடியைச் சுற்றினால் ஒவ்வொரு தாளாக விழும். தவணைப் பரீட்சை வினாத்தாளுக்காக வாங்கியது. ஆனால் மாணவர் மன்றத்துக்கு ஒரு மெழுகுத்தாள் கிடைத்தாலே போதும், கையெழுத்துச் சஞ்சிகை அச்சாகிவிடும். எழுதியவரும் படம் கீறியவரும் பிழை திருத்தியவரும் மை பூசிய கையோடு வகுப்புக்கு வந்தவரும் பிள்ளைகளே. அதே காலத்து வானொலியையும் நினைக்கிறோம். சங்கம் பிறந்த காலத்தில்தான், 1925 டிசம்பரில், கொழும்பில் வானொலி ஒலிபரப்பும் முறையாகத் தொடங்கியது. பிற்காலத்தில் அதில் கல்விச் சேவையும் வந்தது. மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து கேட்டோம். நல்ல தமிழ், நல்ல குரல். கேட்டதில் இன்று எமக்கு ஞாபகம் இருப்பது குரல் மட்டுமே. ரோனியோவில் ஓட்டிய சஞ்சிகையின் தலையங்கத்தை எழுபது வயது அக்காமார் இன்றும் ஒப்பிக்கிறார்கள்.

இனி 1990. யூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், பற்றரி, மெழுகுதிரி, சவர்க்காரம் எல்லாம் கிடைத்தற்கரியவை ஆயின. கொப்பியும் அப்படியே. பழைய கொப்பிகளில் மிஞ்சிய ஒற்றைகளைக் கழற்றித் தைத்துப் புதுக் கொப்பி செய்தோம். பென்சிலால் எழுதி, அழித்து, அதற்கு மேலால் பேனையால் எழுதினோம். ஜாம் போத்தல் விளக்கைத் தெரியாத எம் வயதுக்காரர் இல்லை. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டைக்குள் திரி. கண்ணாடிச் சுவர் காற்றை மறிக்கும், சுடர் ஆடாது. சாதாரண குப்பி விளக்கை விட எண்ணெய் மிகக் குறைவாகக் குடிக்கும். வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின் எடுத்தோம். செய்தி முடியும்வரை தம்பிமார் மாறிமாறிச் சுற்றுவார்கள். சுற்றுவதில் தளர்ந்தால் வாசிப்பவரின் குரல் மங்கும்.

ஆய்வுகூடத்தில் பினோத்தலீன் தீர்ந்தது. எமது இரசாயனவியல் ரீச்சர் கல்லூரி வேலியோரம் நின்ற செவ்வரத்தையில் பூப் பிடுங்கி வரச் சொன்னார். இதழைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்தால் ஊதா கலந்த ஒரு சாறு வரும். தேசிக்காய்ப் புளி விட்டால் சிவக்கும், சுண்ணாம்புத் தெளிநீர் விட்டால் பச்சையாகும். அதற்கு முன் இரண்டு வருடமாக ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்த்த வகுப்பு அது. அன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிரட்டை இருந்தது. வீட்டிலிருந்து சாம்பல் கரைத்த நீர், இளநீர், மோர், பனங்கட்டிக் கரைசல் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, எது புளி, எது காரம் என்று பட்டியல் போட்டோம். பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்த காலம் என்பதால் அதையும் ஒருவர் கொண்டுவந்தார். அந்தப் பட்டியலை எழுதிய வகுப்பிலிருந்து எத்தனை பேர் பிற்காலத்தில் இரசாயனவியல் படித்தார்கள் என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் எங்கே கூடினாலும் யாராவது அதைப் பற்றித் தொடங்கிவிடுவார்கள்.

இரவில் ஒரு விளக்கைச் சுற்றி நாலு பேர். வெளிச்சம் ஒருவரின் புத்தகத்துக்கு மட்டுமே எட்டும். ஆகவே ஒருவர் வாசிக்க மூவர் கேட்பார்கள். விளங்காத இடத்தில் நிறுத்தி, விளங்கினவர் விளங்காதவருக்குச் சொல்வார். சட்டாம்பிள்ளையின் திண்ணை எமக்குத் தெரியாமலே திரும்பி வந்திருந்தது. ஹாவாட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மஸூர், விரிவுரையை இடையில் நிறுத்தி, கேள்வியொன்றைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் செய்யும் முறையை 1991 இல் தொடங்கினார் என்று வெகுகாலம் கழித்து வாசித்தோம். அதே வருடம் நாம் எண்ணெய் மிச்சம் பிடிக்க அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

இதைச் சொல்லும்போது எமக்கு ஒரு தயக்கம் உண்டு. அக்காலத்தைப் பொற்காலம் போல எழுதும் பழக்கம் எம்மிடையே வளர்ந்து வருகிறது. விளக்குப் புகையில் கண் கெட்டவர்கள் இருக்கிறார்கள். குண்டுவீச்சு விமான இரைச்சலில் பதுங்குகுழிக்குள் பாதிப் பாடம் போயிற்று. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அங்கே ஒரே பாடசாலைக் கட்டடத்தில் காலையில் ஒரு பாடசாலையும் பின்னேரம் இன்னொன்றுமாக நடந்தன. திரும்பி வந்தபோது வரவு இடாப்பில் கோடு விழுந்த பெயர்கள் பல. செவ்வரத்தைச் சாறு அந்தப் பிள்ளைகளைத் திருப்பித் தரவில்லை. இருந்ததைக் கொண்டு படித்தோம் என்பதை, இல்லாமையே நல்லது என்று யாரும் வாசித்துவிடக் கூடாது. பினோத்தலீனும் இருந்திருக்க வேண்டும், மின்சாரமும் இருந்திருக்க வேண்டும், அந்தப் பெயர்களும் இருந்திருக்க வேண்டும்.

கல்வி அமைச்சும் சும்மா இருக்கவில்லை. 1998 இல் கம்பகாவில் பரீட்சித்து 1999 முதல் நாடெங்கும் கொண்டுவந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில், சின்ன வகுப்புகளுக்கு விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று நாள் பிரிக்கப்பட்டது. முதலாம் இரண்டாம் தரப் பிள்ளைகள் எழும்பி நடக்கத் தொடங்கினார்கள். வகுப்பில் சத்தம் கூடிற்று என்று சில அதிபர்கள் முறையிட்டதும் உண்டு. ஆனால் ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை நிற்கிறது. நாலாம் தரத்திலேயே விளையாட்டு முடிந்து பயிற்சிப் புத்தகம் தொடங்கிவிடும். 2007 இல் இடைநிலை வகுப்புகளுக்குத் தேர்ச்சிமையப் பாடத்திட்டமும் ஐந்து ‘ஈ’ முறையும் வந்தன. பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தேடி, டிமைத் தாளில் எழுதி, சுவரில் ஒட்டி, முன்னால் நின்று விளக்க வேண்டும். நல்ல ஆசிரியர் கையில் அது உயிரோடு நடந்தது. மற்ற இடங்களில் புத்தகத்தில் இருந்ததை அழகான எழுத்துக்காரி டிமைத் தாளில் பார்த்து எழுத, மற்ற நால்வர் வெளிக்கோடு கீறினார்கள். பெற்றார் டிமைத் தாளும் நிறப்பேனையும் வாங்கியே களைத்தார்கள்.

கணினி பரவலாக வந்தது 2002 இல் ஏ9 பாதை திறந்த பின்னர். அக்காலத்துக் கணினி அறைகளை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது வெளியே கழற்றிவைத்த செருப்புகள். குளிரூட்டி, திரைச்சீலை, தூசி படாமல் உறை, கதவில் பெரிய பூட்டு. பழுதாகிவிட்டால் யார் பொறுப்பு என்ற பயம் பொறுப்பாசிரியருக்கு. இருபது கணினி, நாற்பத்தைந்து பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு பாடவேளை. சுட்டியைப் பிடித்தவர் ஒருவர், பிடித்தவரைப் பார்த்தவர் இருவர். இன்று திறன் வகுப்பறை என்ற பெயரில் வந்திருப்பதிலும் இந்தப் பூட்டின் நிழல் இருக்கிறது. பல பாடசாலைகளில் திறன்பலகை நல்ல விலைக்கு வாங்கிய வெண்திரையாகவே பயன்படுகிறது. ஆசிரியர் பாடத்தை அதில் ஓடவிட, பிள்ளைகள் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார்கள்.

2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. தொலைபேசிதான் வகுப்பறை. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு தொலைபேசி, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போவார். நாட்டின் பல பகுதிகளில் பிள்ளைகள் சமிக்ஞை தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறினார்கள். சூம் வகுப்புகளில் பெரும்பாலானவை ரியூற்றரிக் கொட்டகையின் மறுபிறவி. ஆசிரியர் பேசிக்கொண்டே போக, மற்றப் பக்கத்தில் கறுப்புச் சதுரங்கள். ஆனால் சில ரீச்சர்மார் வேறு வழியைப் பிடித்தார்கள். குரல்பதிவில் இரண்டு நிமிடம் மட்டும் சொல்லிவிட்டு, வீட்டில் செய்து படம் எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். கயிற்றில் கல்லைக் கட்டி ஊசலாக்கி, தொலைபேசியின் கடிகாரத்தால் இருபது அலைவுக்கு நேரம் எடுத்து, கயிற்றின் நீளத்தை மாற்றி மறுபடி எடுத்து அனுப்பினார்கள் பிள்ளைகள். கல்லின் பாரத்தை மாற்றினாலும் நேரம் மாறவில்லை என்று தாமே கண்டு, அளந்தது பிழையோ என்று பயந்து கேட்டவர்களும் உண்டு. தொலைபேசியில் தரவு தீர்ந்தவர்களுக்கு அயலிலுள்ள தோழி வேலியால் செய்தி சொன்னாள். 2022 இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனபோதும், கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டபோதும், எமது வீடுகளில் அம்மம்மாமார் பழைய போத்தல்களைத் தேடினார்கள்.

வெளியுலகத்து அனுபவத்தையும் கொஞ்சம் பார்ப்போம், ஏனெனில் எம்மில் பலர் அங்கிருந்தே பணம் அனுப்புகிறார்கள். பெரு நாட்டு அரசு பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தில் இலட்சக்கணக்கான மடிக்கணினிகளை வறிய பாடசாலைகளுக்குக் கொடுத்தது. 319 பாடசாலைகளில் செய்த மதிப்பீடு 2012 இல் வெளியானபோது, கணிதத்திலும் மொழியிலும் பெறுபேறு உயர்ந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. 2014 இல் ஸ்கொட் ஃபிறீமனும் சகாக்களும் பல்கலைக்கழக விஞ்ஞான, கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட மாணவர் சித்தியடையாமற் போகும் வாய்ப்பு, வகுப்பில் தாமே செய்தும் பேசியும் படித்தவர்களை விட ஒன்றரை மடங்காக இருந்தது. கருவி இருந்ததா இல்லையா என்பதை அவர்கள் முதற் கேள்வியாக வைக்கவில்லை. பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையே பார்த்தார்கள்.

திறன்பலகைக்கு நாம் எதிரிகள் அல்லர். நுணுக்குக்காட்டியின் கீழே வெங்காயத் தோலை ஒரு பிள்ளை தானே வைத்துக் குவிக்க, அந்தக் காட்சி பலகையில் விழுந்து முழு வகுப்பும் கலத்தின் சுவரை எண்ணித் தர்க்கிக்குமானால், முன்மேசையை எட்டிப் பார்த்த எமது பழைய குறை தீர்ந்துவிடும். அப்படி நடப்பதை அயற் பாடசாலையொன்றில் நேரில் கண்டோம். அங்கே பலகையைத் தொட்டது ஆசிரியை அல்லர், ஒன்பதாம் தரப் பிள்ளை. பழுதானால் என்று நாம் கேட்டதற்கு, திருத்துவதற்கு வருடாவருடம் ஒரு தொகையைப் பழைய மாணவிகள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றார் ஆசிரியை. பலகை வாங்கிய பணத்தைவிட அந்தச் சிறுதொகைதான் பிள்ளையின் கையைப் பலகைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

மலர் அச்சுக்குப் போகுமுன் எமது கல்லூரியின் விஞ்ஞான ஆசிரியைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டோம். முதல் நாள் எல்லோரும் மரியாதைக்குத் திறன்பலகை என்றே சொன்னார்கள். இரண்டாம் முறை, தேநீரோடு உட்கார்ந்து கேட்டபோது வேறொரு பட்டியல் வந்தது. பத்து அளவிகளும் அவற்றுக்குத் தாங்கிகளும். ஆய்வுகூட உதவியாளர் ஒருவருக்கு மூன்று வருடச் சம்பளம், ஏனெனில் கழுவி அடுக்க ஆளில்லாததாலேயே பல பரிசோதனைகள் நடப்பதில்லை. நுணுக்குக்காட்டிக்குப் பொருத்தும் ஒரு சிறு கமரா. நாற்பது பேர் வகுப்பை இரண்டாகப் பிரிக்க, பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் மின்விசிறியோடு திறந்திருக்கும் அறை. உடைந்த கண்ணாடிச் சாமானுக்குப் பிள்ளையிடம் பணம் அறவிடாதிருக்க ஒரு நிதி. அதோடு, இடைவேளையில் பிள்ளைகள் தாமாகத் திறந்து உள்ளே போகும்படி, ஆய்வுகூடத்துக்கு இன்னுமொரு திறப்பு.